முப்பது நாள் ஆங்கில நூல்கள்: ஆம்பூரில் வைத்து ஒரு மதிப்பீடு

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர் ஆகிய ஊர்களின் பேருந்து நிலையங்களில் நீங்கள் சிறிது நேரம் நின்றிருந்தால், கடைகளில் தொங்கும் ஒரு வகைப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். முப்பது நாளில் ஆங்கிலம் பேச வைப்பதாக அதன் அட்டை உறுதி கூறும். உள்ளே ஒரு பத்தியில் ஆங்கிலச் சொல், அடுத்த பத்தியில் தமிழ் எழுத்தில் அதன் உச்சரிப்பு, மூன்றாம் பத்தியில் தமிழ்ப் பொருள். பழங்கள், பூக்கள், பறவைகள், உறவு முறைகள், உடல் உறுப்புகள் எனச் சொற்கள் வகை வகையாக அணிவகுத்து நிற்கும். பின்னர் வணக்கம் கூறுதல், நலம் விசாரித்தல், வழி கேட்டல் போன்ற அன்றாடச் சொற்றொடர்கள் வரும். வாங்குவோர் பலர். கடைசிப் பக்கம் வரை படித்தோர் சிலர். படித்ததைக் கொண்டு பேசியவர்கள் மிகச் சிலரே.

அதே பேருந்து நிலையத்தைக் கடந்து காலையில் ஷூ கம்பெனிப் பேருந்துகள் செல்லும். உள்ளே இருப்போரில் பெரும்பாலோர் பெண்கள். பள்ளியில் ஆங்கிலப் பாட வேளை என்றாலே அஞ்சியவர்கள் அவர்களில் பலர். ஆயினும் ‘அப்பர்’, ‘சோல்’, ‘இன்சோல்’, ‘லைனிங்’, ‘ஸ்கைவிங்’, ‘லாஸ்ட்டிங்’, ‘ஐலெட்’ என்னும் சொற்களை அவர்கள் நாள்தோறும் தடுமாற்றமின்றிப் பயன்படுத்துகிறார்கள். எந்த முப்பது நாள் புத்தகமும் இவற்றை அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. புத்தகத்தால் முடியாத செயல் தொழிற்கூடத்தால் எவ்வாறு முடிந்தது? இந்தக் கேள்வியையே அளவுகோலாகக் கொண்டு இந்நூல் வகையை மதிப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் இவற்றின் நன்மையைச் சொல்லிவிடுதல் முறை. ஆசிரியர் இல்லாதவருக்கும், கட்டணம் கட்டிப் படிக்க இயலாதவருக்கும் இவை குறைந்த விலையில் கிடைக்கின்றன. தாய்மொழி வழியாகவே விளக்குகின்றன. பிழை செய்தால் சிரிப்பதற்குப் பக்கத்தில் யாரும் இல்லாததால், கூச்சமுள்ளவரும் துணிந்து தொடங்கலாம். தமிழ் வழியில் பயின்ற ஒருவரின் ஆர்வத்தை மதித்து எழுதப்பட்ட நூல்களை எள்ளி நகையாடுதல் நம் நோக்கமன்று. அந்த ஆர்வத்திற்கு இந்நூல்கள் தரும் ஈடு போதுமா என்பதே நம் வினா.

தொழிலோடு வந்த சொற்கள்

இப்பகுதியின் பழைய டேனரிகளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். அப்பொருள்களுக்கு நம் மொழியிலேயே பெயர் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனீட்டுச் சோதனைகளை நடத்தினார். 1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பட்டது. 1973இல் இந்திய அரசு பதனிடாத தோலின் ஏற்றுமதியைத் தடை செய்து, அரைப்பதனத் தோலின் ஏற்றுமதிக்கும் வரம்பு விதித்தது. அதன் பின்னர் முழுப்பதனத் தோலும் காலணியும் செய்யும் தொழிற்கூடங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் எங்கும் பெருகின. புதிய வேதிப்பொருள்களும் புதிய இயந்திரங்களும் வந்தபோது அவற்றின் ஆங்கிலப் பெயர்களும் உடன் வந்தன. வீட்டில் தமிழ் பேசுவோர், உருது பேசுவோர், தெலுங்கு பேசுவோர் ஆகிய எல்லோருடைய வாயிலும் அவை ஏறின.

‘வெட் புளூ’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் என்பது கொலாஜன் என்னும் புரத இழைகளின் பின்னல். குரோமிய உப்பு அந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து, தோல் அழுகாதபடி காக்கிறது. அப்போது தோல் நீல நிறம் பெறுகிறது. இன்னும் உலராத நிலையில் அது ஈரமாகவும் இருக்கிறது. ஆகவே ‘ஈர நீலம்’ என்று பொருள்படும் பெயர். முப்பது நாள் புத்தகத்தில் ‘வெட்’ ஒரு பக்கத்திலும் ‘புளூ’ வேறொரு பக்கத்திலும் தனித்தனியே கிடக்கும். டேனரியிலோ இரண்டும் கைகோத்து ஒரு பொருளாகக் கண் முன் நிற்கின்றன.

இங்கே கற்றல் நடைபெற்ற நிலைமைகளைக் கவனியுங்கள். சொல் வரும்போது பொருள் கையில் இருந்தது. அதே சொல் நாள்தோறும் பலமுறை காதில் விழுந்தது. தவறாகப் புரிந்துகொண்டால் வேலை உடனே கெட்டது, ஆகவே திருத்தமும் உடனே கிடைத்தது. சொல் தனியே வராமல் தன் துணைச் சொற்களோடு வந்தது. வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் கடைகளிலும் இதே காட்சியைக் காணலாம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சிகிச்சைக்கு வருவோரிடம் பேசிப் பேசியே அங்குள்ள பணியாளர்கள் இந்தியும் வங்காள மொழியும் பழகிக்கொண்டார்கள்.

இந்த நான்கு நிலைமைகளுள் எத்தனை முப்பது நாள் புத்தகத்தில் உள்ளன என்று பார்த்தால், ஒன்றுகூட முழுமையாக இல்லை.

ஒரு சொல்லுக்கு ஒரே பொருளா?

இந்நூல்களின் முதற் குறை, ஒரு சொல்லுக்கு எதிரே ஒரே தமிழ்ச் சொல்லை நிறுத்திவிடுவது. ‘பிக்கிள்’ என்றால் ஊறுகாய் என்று நூல் சொல்லும். டேனரித் தொழிலாளிக்கோ ‘பிக்கிள்’ என்பது உப்பும் அமிலமும் கலந்த நீரில் தோலை ஊற வைப்பது. ‘கிரெயின்’ நூலில் தானியம், டேனரியில் முடி நீக்கிய தோலின் மேற்புறம். ‘டிரம்’ நூலில் மேளம், டேனரியில் தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய பீப்பாய். ‘ஷேவ்’ நூலில் சவரம், டேனரியில் தோலின் கனத்தைச் சீவிச் சமப்படுத்துவது. ‘ஃபேட் லிக்கர்’ என்பதைக் கேட்டுப் புதியவர் திடுக்கிடலாம். அது குடிக்கும் மதுவன்று, தோலை மென்மையாக்கும் எண்ணெய்க் கலவை.

இவை ஏதோ தொழிலின் விந்தைச் சொற்கள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டு பொருளையும் இணைத்துப் பார்த்தால் சொல்லின் உட்கருத்து விளங்கும். ஊறுகாயும் தோலும் உப்பிலும் புளிப்பிலும் ஊறுகின்றன. தாடியைச் சீவுவதும் தோலைச் சீவுவதும் ஒரே செயலின் இரு தோற்றங்கள். காலணி செய்யப் பயன்படும் பாத வடிவ அச்சுக்கு ‘லாஸ்ட்’ என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் காலடித் தடத்தைக் குறித்த சொல்லிலிருந்து அது வந்தது. கடைசி என்று பொருள்படும் ‘லாஸ்ட்’ வேறு வேரிலிருந்து பிறந்து, ஒலியில் மட்டும் ஒன்றானது. இவ்வளவையும் ஒரு கட்டத்துக்குள் ஒரு தமிழ்ச் சொல்லாக அடைத்துவிட முடியுமா?

இக்குறையைப் பிறர் முன்னரே உணர்ந்திருந்தனர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், வங்காள மாணவர்களின் இடர்ப்பாட்டை நேரில் கண்டவர். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் உள்ளன. சாதாரணமான ஆங்கில எழுத்தில் வரும் சொற்களில் சுமார் 80 சதவிகிதம் இவற்றுக்குள் அடங்கிவிடும் என்பார்கள். அப்பட்டியலின் தனிச்சிறப்பு வேறொன்று. ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளும் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதையும் அது பிரித்துக் காட்டிற்று. அதை ஒட்டி ஒரு தமிழ் நூல் எழுதப்படுமானால், அரிய பூக்களின் பெயர்கள் பின்னே போய், ‘டேக்’, ‘கெட்’, ‘புட்’ போன்ற சின்னஞ்சிறு சொற்கள் பல பக்கங்களைப் பிடித்துக்கொள்ளும்.

எழுத்து செய்யும் ஏமாற்று

இரண்டாம் குறை உச்சரிப்பில் உள்ளது. தமிழ் எழுத்தில் ‘கோட்’ என்று எழுதியிருந்தால் அது எந்தச் சொல்? மேலங்கியாக இருக்கலாம். தோலின் மேல் பூசும் பூச்சாக இருக்கலாம். ஆட்டைக் குறிக்கும் சொல்லையும் நாம் அவ்வாறே எழுதுகிறோம். ஆட்டுத்தோலும் மேற்பூச்சும் நாள்தோறும் பேசப்படும் ஊரில் இது சிறிய குழப்பமன்று. ‘பேக்’ என்று எழுதினால் பையா, பின்புறமா, பொதிந்து கட்டுவதா? ‘டேக்’ என்றால் எடுத்துக்கொள்வதா, விலைச்சீட்டா? ‘கேப்’ என்றால் காலணியின் முன்முனை மூடியா, இடைவெளியா? ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு ஒலிகள். நூலின் நடுப்பத்தியில் எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன.

ஆயினும் இந்த ஒலிகள் நமக்கு வராதவை என்று எண்ணிவிடாதீர்கள். ‘பம்பரம்’ என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். முதல் ‘ப’வும் இரண்டாம் ‘ப’வும் ஒரே எழுத்து. ஒலியோ வேறு. தொண்டையில் விரலை வைத்துச் சொன்னால், இரண்டாம் ‘ப’வின்போது குரல்நாண்களின் அதிர்வு நிற்காமல் தொடர்வதை உணர்வீர்கள். மெல்லினத்தை அடுத்து வரும்போது வல்லினம் இவ்வாறு அதிர்வொலி பெறுவது தமிழின் இயல்பு. இடத்தைக் கொண்டே ஒலியை அறிந்துகொள்வதால் தமிழுக்குத் தனி எழுத்துத் தேவைப்படவில்லை. ஆங்கிலத்திலோ அதிர்வொலி சொல்லின் முதலிலேயே வரலாம். ஆகவே நாம் கற்க வேண்டியது புதிய ஒலி அன்று, பழைய ஒலியைப் புதிய இடத்தில் வைக்கும் பழக்கமே.

மற்றொரு சோதனை செய்யலாம். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதடுகளுக்கு முன் பிடித்துக்கொண்டு, பொதிந்து கட்டுதல் என்னும் பொருளுடைய ‘பேக்’ சொல்லுங்கள். ஆங்கிலேயர் சொன்னால் முதல் ஒலியில் காற்று வெடித்து வந்து காகிதம் ஆடும். நாம் சொன்னால் அவ்வளவாக ஆடாது. அதனால்தான் நாம் ‘கட்டு’ என்ற பொருளில் சொன்னது அவர்கள் காதில் ‘பை’ என்றோ ‘பின்புறம்’ என்றோ விழுகிறது. காற்றைச் சற்று வேகமாக விட்டால் இக்குழப்பம் தீரும். இந்த எளிய விளக்கத்துக்கு அரைப் பக்கம் போதும். அதிர்வொலி வரும் இடத்தில் எழுத்தின் கீழ் ஒரு கோடிட்டுக் காட்டினாலே பாதிப் பிழை குறைந்துவிடும்.

முப்பத்தொன்றாம் நாள் என்ன ஆகும்?

மூன்றாம் குறை அட்டையிலேயே இருக்கிறது. முப்பது நாள் என்னும் கணக்கு நினைவாற்றலின் இயல்புக்குப் பொருந்துமா?

ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்துக்கொண்டு, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறந்த பட்டியலை மீண்டும் கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவை. ஒரு மணி நேரம் சென்றபின் சுமார் 44 சதவிகிதம் மிச்சமாயிற்று. ஒரு நாளில் அது 34 ஆயிற்று. 31 நாளில் 21 ஆயிற்று. பொருளுள்ள சொற்கள் இவ்வளவு விரைவாக மறந்துவிடுவதில்லை. எனினும் இழப்பின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நேர்கிறது என்பது கவனிக்கத்தக்கது. இதே ஆராய்ச்சியில் அவர் கண்ட மற்றொன்று நமக்கு ஆறுதல் தரும். ஒரே மூச்சில் 68 முறை சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாள்களில் பகிர்ந்து 38 முறை சொல்லியே பெற முடிந்தது.

2008இல் அமெரிக்க உளவியலாளர்கள் கார்ப்பிக், ரோடிகர் இருவரும் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாகிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளுடன் கற்பித்தனர். ஒரு பிரிவினர் ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்ன பின்னும் அதே சொல்லில் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டனர். மற்றொரு பிரிவினர் அச்சொல்லை மீண்டும் மீண்டும் படித்தனர், ஆனால் அதில் சோதிக்கப்படவில்லை. ஒரு வாரம் கழித்து, முதற் பிரிவினர் சுமார் 80 சதவிகிதச் சொற்களை நினைவுகூர்ந்தனர். இரண்டாம் பிரிவினர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே நினைவுகூர்ந்தனர். சொல்லைப் பார்ப்பதைவிட, பார்க்காமல் மனத்திலிருந்து வெளியே எடுப்பதே அதை நிலைக்கச் செய்கிறது என்பது இதன் கருத்து.

இப்போது முப்பது நாள் புத்தகத்தை மீண்டும் புரட்டுங்கள். ஐந்தாம் நாளில் வந்த பறவைகள் இருபதாம் நாளில் மீண்டும் வருகின்றனவா? சொல்லும் பொருளும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடப்பட்டிருப்பதால், படிப்பவர் எதையும் நினைவிலிருந்து எடுக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. கண் வரியின் மேல் ஓடும்போது எல்லாம் தெரிந்தது போல் தோன்றும். புத்தகத்தை மூடினால் தெரியாது. கைப்பேசிச் செயலிகள் சில, சொற்களை இடைவெளி விட்டுத் திரும்பக் கேட்டு இக்குறையைப் போக்குகின்றன. ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற பழைய பட்டியலையே அவையும் கேட்குமானால் பயன் பாதிதான்.

தொழிற்கூடத்தில் நடப்பதை இதனோடு ஒப்பிடுங்கள். “ஸ்கைவிங் முடிஞ்சுதாக்கா?” என்று ஒருவர் கேட்டவுடன், கேட்ட பெண் அச்சொல்லின் பொருளை மனத்திலிருந்து எடுத்தே ஆக வேண்டும். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் வேலை அது. இக்கேள்வி இன்றும் வரும், நாளையும் வரும், அடுத்த வாரமும் வரும். ஆராய்ச்சியாளர் கண்ட முறையைத் தொழிற்கூடம் யாரும் சொல்லாமலே பின்பற்றுகிறது.

பெயர் உண்டு, வினை இல்லை

அவ்வாறாயின் தொழிற்கூடமே போதும், நூல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் தொழிற்கூடத்தின் குறையையும் சொல்ல வேண்டும்.

மேலே கண்ட கேள்வியைப் பாருங்கள். அதில் ஆங்கிலம் ஒரு சொல். மற்றவை தமிழ். ‘ஸ்கைவிங் பண்ணு’, ‘செக்கிங் ஆச்சு’, ‘ரிஜெக்ட் ஆயிடுச்சு’, ‘லோடு ஏத்து’ என்றுதான் பேச்சு அமைகிறது. ஆங்கிலச் சொல் தமிழ் வாக்கியத்துள் வரும்போது, அங்கே அது வினையாக இருந்தாலும் இங்கே பெயராக உறைந்துவிடுகிறது. வினையின் வேலையைப் ‘பண்ணு’, ‘ஆகு’ என்னும் நம் சொற்கள் செய்கின்றன. இது தமிழின் வலிமை. எத்தனை அயற்சொல் வந்தாலும் வாக்கியத்தின் முதுகெலும்பு தமிழாகவே நிற்கிறது. ஆனால் இதன் விளைவாக, நூற்றுக்கணக்கான ஆங்கிலப் பெயர்களை அறிந்த ஒருவரால் ஓர் ஆங்கில வாக்கியம்கூடச் சொல்ல இயலாமற் போகிறது. செங்கல் குவிந்திருக்கிறது, சுண்ணாம்புச் சாந்து இல்லை.

நூல் செய்ய வேண்டிய பணி இச்சாந்தைத் தருவதே. நம் நூல்களோ மேலும் செங்கல்லையே கொண்டுவந்து கொட்டுகின்றன. சாந்து எங்கே இருக்கிறது? சின்னஞ்சிறு வினைகளிலும், அவற்றோடு சேரும் ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘அப்’, ‘அவுட்’ போன்ற குறுஞ்சொற்களிலும் இருக்கிறது. காலணியையே எடுத்துக்கொள்வோம். அணிந்துகொள்வது ‘புட் ஆன்’. கழற்றுவது ‘டேக் ஆஃப்’. அளவு பார்க்க அணிவது ‘டிரை ஆன்’. தேய்ந்து போவது ‘வேர் அவுட்’. அடிப்பாகம் பிரிந்துவிட்டது என்பதற்கு ‘தி சோல் ஹாஸ் கம் ஆஃப்’. சாயம் தீர்ந்துவிட்டது என்பதற்கு ‘வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் டை’. இவற்றில் ஒரு கடினச் சொல்லும் இல்லை. ஆயினும் ‘ரன்’ என்றால் ஓடு, ‘அவுட்’ என்றால் வெளியே என்று பட்டியலில் கற்றவர், சாயம் வெளியே ஓடிவிட்டதாகவே நினைப்பார்.

1930இல் ஆக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 850 சொற்களில் ஆங்கிலத்தை அடக்கிக் காட்டினார். அவற்றுள் வினைச்சொற்கள் 18 மட்டுமே. நம் முப்பது நாள் நூல்களின் ஆசைக்கு இது முன்னோடி எனலாம். அந்தச் சிக்கனத்திலும் ஒரு மறைமுகச் செலவு இருந்தது. ‘கிவ்’ தெரியும், ‘அப்’ தெரியும். ஆனால் ‘கிவ் அப்’ என்றால் கைவிடுதல் என்று இரண்டையும் கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. அதைத் தனியே கற்றாக வேண்டும். சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் சொற்றொடர்களின் எண்ணிக்கை கூடுகிறது.

சொற்றொடரைக் கற்பிப்பது எப்படி? தென்னிந்தியாவிலேயே இதற்கு ஒரு முயற்சி நடந்தது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்பவர் பள்ளிகளில் நடத்திய அதற்குப் ‘பெங்களூர்த் திட்டம்’ என்று பெயர். மாணவருக்கு இலக்கண விதியோ சொற்பட்டியலோ தரப்படவில்லை. இரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, எந்த வண்டியில் போனால் குறித்த நேரத்தில் சேரலாம் என்பது போன்ற கணக்குகளை ஆங்கிலத்திலேயே தீர்க்கச் செய்தார்கள். பொருளில் கவனம் இருக்கும்போது மொழி தானே படியும் என்பது அவர் கொள்கை. அதன் வெற்றி பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வேலையும் மொழியும் ஒன்றாகப் பின்னப்பட வேண்டும் என்ற அதன் சாரம், நாம் ஆம்பூரில் கண்டதோடு ஒத்துப்போகிறது.

தெரியாவிட்டால் ஆபத்து

அன்றாட ஆங்கிலம் என்று இந்நூல்கள் கருதுவது விருந்தினரை வரவேற்பதும் வானிலை பற்றிப் பேசுவதுமே. இப்பகுதி மக்களின் அன்றாடத்தில் வேறொரு ஆங்கிலமும் இருக்கிறது. சம்பளச் சீட்டில் பிடித்தங்களின் பெயர்கள் இருக்கின்றன. வேதிப்பொருள் பீப்பாயின் மேல் எச்சரிக்கை இருக்கிறது. ‘டாக்ஸிக்’ என்றால் நச்சு. ‘கரோசிவ்’ என்றால் தோலையும் உலோகத்தையும் அரிப்பது. இவற்றை எத்தனை நூல்கள் கற்பிக்கின்றன?

ஓர் எடுத்துக்காட்டு போதும். ‘இன்’ என்பது முன்னே வந்தால் எதிர்மறை என்று நூல்கள் கற்பிக்கும். ‘கரெக்ட்’ சரி, ‘இன்கரெக்ட்’ தவறு. இந்த விதியை நம்பி ஒருவர் ஒட்டுப்பசை டப்பாவில் ‘இன்ஃபிளேமபிள்’ என்று படித்தால், தீப்பற்றாது என்றே முடிவு செய்வார். உண்மையில் ‘ஃபிளேமபிள்’, ‘இன்ஃபிளேமபிள்’ இரண்டுக்கும் பொருள் ஒன்றே. எளிதில் தீப்பற்றும் என்பதே அது. அரைகுறை விதி அறியாமையைவிடத் தீயது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மற்றொன்று: முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்ஃபைடு கலந்த கழிவுநீர் அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு எழும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். செறிவு மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. வாசனை இல்லை, ஆபத்தும் இல்லை என்று எண்ணித் தொட்டியில் இறங்குவது உயிருக்கே கேடு. தொட்டியின் அருகே ‘டு நாட் என்டர்’ என்று எழுதியிருப்பதை ஒருவர் படித்துப் புரிந்துகொள்வது, நூறு பழங்களின் பெயரை அறிவதைவிடப் பெரிது. இத்தகைய எச்சரிக்கைகளைத் தமிழிலும் எழுதி வைப்பது தொழிற்கூடங்களின் கடமை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். உயிர் காக்கும் செய்தி ஒருவரின் ஆங்கிலத் தேர்ச்சியை நம்பி நிற்கக் கூடாது.

நூலை வைத்திருப்போர் செய்யத்தக்கது

உங்களிடம் ஏற்கனவே இப்படி ஒரு நூல் இருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். பயன்படுத்தும் முறையை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் நூலைத் திறப்பதற்கு முன், உங்கள் வீட்டிலும் வேலையிலும் புழங்கும் ஆங்கிலச் சொற்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். அண்டை வீட்டு ஷூ கம்பெனி அக்காவையும் கேளுங்கள். பட்டியல் நீள்வதைக் கண்டு வியப்பீர்கள். அதுவே உங்கள் மூலதனம். அடுத்து, அச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் வேறு பொருள் உண்டா என்று நல்ல அகராதியில் பாருங்கள். மூன்றாவதாக, ஒவ்வொரு பெயரோடும் ஒரு சிறு வினையைச் சேர்த்து முழு வாக்கியம் ஒன்று எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து போதும்.

நான்காவதாக, நூலின் தமிழ்ப் பத்தியை மட்டும் விட்டு மற்ற இரண்டையும் ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு, ஆங்கிலத்தை நீங்களே சொல்லுங்கள். அதன் பிறகே அட்டையை நகர்த்திச் சரிபாருங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை இதைச் செய்யுங்கள். தவறியவை மட்டும் முதல் நாள் கணக்கில் மீண்டும் சேரட்டும். உச்சரிப்புக்குத் தமிழ் எழுத்தை நம்பாமல் வானொலியிலோ கைப்பேசியிலோ கேட்டுப் பழகுங்கள். தொண்டையில் விரலும் உதட்டின் முன் காகிதமும் உங்கள் சோதனைக் கருவிகள்.

நூல் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். திருப்பூருக்கு ஒரு நூல், சிவகாசிக்கு ஒரு நூல், ஆம்பூருக்கு ஒரு நூல் என்று எழுதுங்கள். அங்கங்கே மக்கள் வாயில் ஏற்கனவே குடியேறிவிட்ட சொற்களிலிருந்து தொடங்குங்கள். படிப்பவரை ஒன்றும் அறியாதவராகக் கருதி முதல் பக்கத்தை எழுதுவதே இந்நூல் வகையின் அடிப்படைப் பிழை.

காலையில் அந்தப் பேருந்தில் செல்லும் பெண்ணைக் கேட்டால், தமக்கு ஆங்கிலமே தெரியாது என்றுதான் சொல்வார். மாலையில் அவரிடம் ஒரு காலணியைக் கொடுத்து, அதன் பாகங்களைச் சொல்லச் சொல்லுங்கள். முனையிலிருந்து குதிகால் வரை ஒவ்வொன்றாக அவர் சொல்லி முடித்ததும், ‘இவை எல்லாம் ஆங்கிலம்தான்’ என்று அவரிடம் சொல்லுங்கள். அவருக்கான முதற்பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.